விஷம் இருக்கட்டும்

இருக்கட்டும், அது அங்கே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூடப்பிறந்தவளின் வயிற்றில் விஷம் இருக்க வேண்டும் என்று யாராவது வேண்டுவார்களா, நான் வேண்டுகிறேன், எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிற மத்தியான வேளையில், கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் மேல்மாடியில், ஏசி கரகரக்கும் அறையில், கணினித் திரையைப் பார்த்தபடி. தேன்மொழி கீழே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். என் ஒரே தங்கை. பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள், தையலில் சீழ் வைத்தது, அதற்குப் பலமான ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், புண் காய்வது போலிருந்தது, அப்புறம் பேதி. பிள்ளை பெற்ற உடம்பு, என்னமோ சேரவில்லை என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் காய்ச்சல். அப்புறம் பிள்ளையை எடுத்த வயிறு மறுபடி பிள்ளை இருப்பதைப் போல உப்பிக்கொண்டு வந்தது. இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். நேற்றிலிருந்து பேதி நின்றிருக்கிறது, அம்மா அதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள், நின்றது நல்லதுக்கில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது, குடல் தன் வேலையையே விட்டுவிட்டது அம்மா என்று எப்படிச் சொல்வது.

டாக்டர் வசுந்தரா காலையில் என்னையும் தேன்மொழியின் வீட்டுக்காரர் லோகநாதனையும் வராந்தாவில் நிறுத்திப் பேசினார். அறுவை சிகிச்சை நிபுணர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். இரண்டில் ஒன்று என்றார். தையல் புண்ணின் கிருமி உள்ளே பரவிக் குடலைக் கெடுத்திருந்தால் சாயங்காலமே வயிற்றைத் திறந்து பெருங்குடலை எடுத்தாக வேண்டும், ஆன்டிபயாடிக்கை இன்னும் கூட்ட வேண்டும். அதில்லாமல் இது குடலில் விஷம் கக்கும் சி-டிஃப் என்கிற கிருமியின் வேலை என்றால், ஏறிக்கொண்டிருக்கும் ஆன்டிபயாடிக்கை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும், ஏனென்றால் அது குடலிலிருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று சி-டிஃப்புக்கு இடம் காலி பண்ணிக் கொடுக்கிறது, அதை நிறுத்திவிட்டு சி-டிஃப்புக்கென்று உள்ள மருந்தைக் கீழ்வழியாகக் குடலுக்குள் செலுத்த வேண்டும். ஒன்றை இன்னொன்று என்று நினைத்துவிட்டால் ஆள் தங்காது. தங்காது என்கிற சொல்லை அவர் சொல்லவில்லை, லோகநாதன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார், நான்தான் அதை முடித்துக்கொண்டேன். மலத்தில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. அந்த விஷம் வெக்கையில் சீக்கிரம் சிதைந்துபோகும், மாதிரி எங்காவது வெயிலில் காத்திருந்தால்கூட இல்லை என்று வரும், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் தெரியும் என்பதை வைத்துக்கொண்டு மருந்தை நிறுத்த முடியாது. விஷத்தின் ஜீனை நேராகத் தேடும் சோதனைக்கான சாமான் தீர்ந்துபோய் சென்னையிலிருந்து வர வேண்டும். ஆகவே நான். தேன்மொழியின் மலத்திலிருந்து ஆக்ஸிஜன் புகாத பெட்டிக்குள் வைத்து வளர்த்தெடுத்த கிருமியின் ஜீனோம், அதாவது அதன் உடம்பு முழுவதையும் எழுதிவைத்திருக்கும் எழுத்துகள், இப்போது என் திரையில் துண்டு துண்டாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மற்ற ஜீனோம்களோடு ஒப்பிட்டு, விஷம் உண்டா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். என் வேலையே அதுதான், வருஷக்கணக்காகச் செய்வது அதுதான். தேன்மொழி தன் சிநேகிதிகளிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது எங்கக்கா பீயில பிஎச்டி வாங்குனவ என்பாள், சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், இப்போது அந்த வாய்க்குள் குழாய் போகிறது.

காற்றே ஆகாத கிருமிகள். ஆக்ஸிஜன் பட்டால் செத்துப்போகும், இல்லையென்றால் விதையைப் போலச் சுருண்டு படுத்துக் காலம் பார்க்கும். கிருமியை வளர்த்துத் தரும் பெனடிக்ட் இவற்றைப் பங்காளிகள் என்பான். திரையில் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன். துருப்பிடித்த ஆணியோடு உள்ளே வந்து தாடையை இறுக்குகிறது ஒன்று. கெட்டுப்போன டப்பா உணவில் குடியிருந்து மூச்சை நிறுத்துகிறது ஒன்று. நசுங்கின காலை அழுக வைக்கிறது ஒன்று. அதே குடும்பத்தில் ஒரு தீங்கும் செய்யாமல், நாம் தின்ற நாரைத் தின்று குடலுக்குத் தீனி தயாரித்துக் கொடுத்துக்கொண்டு கிடக்கிற சாதுக்களும் உண்டு. எழுத்தாகப் பார்த்தால் பக்கம் பக்கமாக ஒன்றுபோலவே ஓடுகின்றன, எப்படிச் சுவர் கட்டுவது, எப்படிச் சர்க்கரையை உடைப்பது, எப்படி இரண்டாகப் பிரிவது, எல்லாம் ஒரே பாடம், திடீரென்று ஓரிடத்தில் ஒன்றில் மட்டும் கொலைக்கான வழிமுறை எழுதியிருக்கும். சி-டிஃப்பிலும் அப்படித்தான், எல்லாவற்றிலும் விஷம் இருக்காது. விஷமுள்ளதில் அந்த இடத்தில் ஒரு நீண்ட பத்தி, விஷமில்லாததில் அதே இடத்தில் ஒரு சின்ன வரி, மற்றதெல்லாம் ஒன்று. முதன்முதலாக அதைப் பார்த்தபோது அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அழகு. தேன்மொழி வயிற்றின் தோல் இழுபட்டுப் பளபளக்கிறதே, காலையில் நர்ஸ் போர்வையை விலக்கியபோது பார்த்தேனே, அதுவும் ஏதோ ஒரு பளபளப்புத்தான், வேண்டாம், அதை நினைக்காதே, எவ்வளவு ஒட்டியாயிற்று என்று காட்டும் பட்டை நகர்கிறது பார், நகரட்டும், அந்தப் பத்தி இருக்கட்டும், கடவுளே, எழுத்தெழுத்தாக இருக்கட்டும்.

இல்லை. ஒட்டி முடித்துவிட்டது, நான் அந்த இடத்துக்குப் போகிறேன், இடது பக்கம் இருக்க வேண்டியது இருக்கிறது, வலது பக்கம் இருக்க வேண்டியது இருக்கிறது, நடுவில் சின்ன வரி. விஷமில்லாத சி-டிஃப். சாது. தேன்மொழியின் வயிற்றில் சும்மா குடியிருக்கும் ஒரு சாது. மறுபடி பார்க்கிறேன். வேறொரு வழியில் தேடிப் பார்க்கிறேன், மறுபடியும் அதே சின்ன வரி, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, ஒரு சந்தேகமும் வைக்காமல். அப்படியானால் தையல் புண்தான், அப்படியானால் சாயங்காலம் கத்தி, பெருங்குடலை முழுதாக எடுத்துவிட்டு வயிற்றின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுப் பை மாட்டுவார்கள், பால்கொடுக்கும்போது பிள்ளையின் கால் அந்தப் பையில் படும், அதுகூடப் பரவாயில்லை, பையோடு இருக்கட்டும், இருக்கட்டும், ஆனால் இப்படி இறங்கிக் கிடக்கும் ரத்த அழுத்தத்தில் மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று டாக்டர் வசுந்தராவே சந்தேகமாகத்தான் சொன்னார். ஃபோனை எடுத்துச் சொல்ல வேண்டும், இல்லை என்று ஒரு வார்த்தை, அதற்குத்தான் காத்திருக்கிறார். கை போக மாட்டேன் என்கிறது. ஃபோன் தானாக அதிர்கிறது, லோகநாதன். பம்ப் செட் கம்பெனியில் ஃபோர்மேன், இரண்டு நாளாகப் போகவில்லை. டாக்டருக்குச் சொல்லிட்டீங்களாக்கா என்று கேட்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமுங்க மாப்ள என்கிறேன், அத்தை குழந்தைய வெச்சுக்கிட்டுக் கீழ கேன்டீன் பக்கம் உக்காந்திருக்காங்க, பால் பவுடர் சேரலை போல, அழுதுட்டே இருக்கான் என்கிறார், பின்னால் அந்த அழுகை கேட்கிறது, ஒரு பூனைக்குட்டி எங்கோ பெட்டியில் மாட்டிக்கொண்டது போல. வைத்துவிடுகிறேன். பொய் சொன்னேனா, இல்லை, கொஞ்ச நேரம் ஆகும்தானே, இல்லை என்று சொல்லவும் நேரம் வேண்டும்தானே.

ஏன் நான் விஷத்தை விரும்புகிறேன். விஷம் என்றால் எனக்குத் தெரிந்த எதிரி, அவ்வளவுதான். தெரிந்தவன் கையால் அடிபட்டால் அடி குறைந்துவிடுமா. புண்ணின் கிருமி என்றால் நான் வெறும் அக்கா, வராந்தாவில் நிற்கிற நூறு பேரில் ஒருத்தி, விஷம் என்றால் நான் தேவைப்படுகிறவள். அதற்காகத்தானா. சீ. தேன்மொழி அங்கே கிடக்கிறாள், நான் இங்கே என்னைப் பற்றி நினைக்கிறேன். பெனடிக்ட் உள்ளே வருகிறான், திரையைப் பார்க்கிறான், சின்ன வரியைப் பார்த்ததும் அவன் முகம் வாடுகிறது, டீ வாங்கியாரட்டா வாணி என்று மட்டும் கேட்கிறான். வேண்டாம் என்கிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நல்லா பளிச்சுன்னு வந்திருக்கு, அள்ளி எடுத்ததுனால குழம்பிக் கெடக்குமோன்னு பயந்தேன் என்கிறான். இவன் ஏதோ பேச வேண்டுமென்று பேசுகிறான் என்று விட்டுவிடுகிறேன், அந்தப் பேச்சு போகாமல் காதிலேயே நிற்கிறது, அள்ளி எடுத்ததுனால, அள்ளி எடுத்ததுனால என்றால் என்ன. எதை அள்ளினே என்று திரும்பிக் கேட்கிறேன். கிருமி வளர்க்கும் தட்டில் ஒரே ஒரு புள்ளியாக வளர்ந்ததைத் தொட்டு எடுத்து, அதைத் தனியாக வளர்த்து, அதன் ஜீனோமைப் படிப்பதுதான் முறை, அதற்கு இன்னொரு நாள் ஆகும். நாள் இல்லை என்று காலையில் நான்தான் கத்தினேன். அதனால் தட்டில் இருந்ததை மொத்தமாக வழித்து எடுத்திருக்கிறான். அப்படியென்றால் இது ஒரு கிருமியின் எழுத்து இல்லை. ஒரு கூட்டத்தின் எழுத்து. கூட்டத்தில் யார் அதிகமோ அவர்களுடைய குரல்தான் ஒட்டும்போது மேலே வரும், கொஞ்சமாக இருப்பவர்களின் எழுத்தைக் கணினி பிழை என்று நினைத்து ஓரமாகக் கொட்டிவிடும். சாது அதிகம். சாதுவின் பின்னால் வேறு யாராவது நின்றால்.

ஓரமாகக் கொட்டியதை எடுக்கிறேன். ஒட்டுவதற்கு முன்னால் இருந்த துண்டுகள் எல்லாவற்றையும், குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்து, விஷத்தின் பத்திமேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார் என்று கணினிக்குச் சொல்கிறேன். அவசரத்தில் கட்டளையில் ஓர் எழுத்து தவறி அது பிழை என்று திட்டுகிறது, மறுபடி அடிக்கிறேன். பெனடிக்ட் மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது. ஜன்னலுக்கு வெளியே யாரோ கார் ரிவர்ஸ் எடுக்கிறார்கள், அந்தப் பாட்டுச் சத்தம் நிற்காமல் கேட்கிறது, என்ன பாட்டு அது, ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறான். வருகிறது. ஒரு துண்டு. அப்புறம் ஒன்று. காலியான வானத்தில் காகம் வருவது போல ஒன்று, ஒன்று, பிறகு நாலைந்து சேர்ந்து. பத்தியின் நீளம் முழுவதும் அங்கங்கே உட்காருகின்றன. விஷம். இருக்கிறது. நான் அழுகிறேன் என்பது பெனடிக்ட் என் தோளைத் தொட்டபோதுதான் தெரிகிறது, ஆனால் அவன் கை உடனே நின்றுபோகிறது, அவன் என்ன நினைக்கிறான் என்று அவன் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. போன வாரம் ஜீனோமைப் படிக்கும் இதே கருவியில் எங்கள் ஆய்வகத்தின் விஷக்கிருமியை ஓட்டினோம். கழுவினோம், ஆனால் கழுவியதில் ஒன்றிரண்டு தங்கிவிடும். நான் பார்ப்பது தேன்மொழியின் வயிற்றை இல்லாமல், போன வாரத்து மிச்சமாக இருக்கலாம். வேண்டியது கிடைத்ததும் வேண்டியதைப் பார்க்கிற கண். இதை நம்பி மருந்தை நிறுத்தச் சொல்லி, அது புண்ணின் கிருமியாக இருந்து, நாளைக்குக் காலையில் அவள். இல்லை. முடிக்காதே.

எழுத்து, எழுத்தைப் பார். பயத்தை விடு, எழுத்தைப் பார். ஒரே விஷத்துக்கான பத்தியே ஊருக்கு ஊர் அங்கங்கே ஓர் எழுத்து மாறும், ஒரே பேரை ஆளாளுக்கு வேறு மாதிரி எழுதுவதைப் போல. எங்கள் ஆய்வகத்துக் கிருமியின் பத்தியை மேலே வைக்கிறேன், இந்தத் துண்டுகளைக் கீழே வைக்கிறேன், கண்ணை இடமிருந்து வலமாக நகர்த்துகிறேன், ஒன்று, ஒன்று, ஒன்று, எல்லாம் ஒன்றாகவே போகிறது, போன வாரத்து மிச்சம்தான், மிச்சம்தான், அப்புறம் ஓரிடத்தில் மேலே ஜி என்று இருக்கிறது, கீழே ஏ. கருவியின் பிழையாக இருக்கலாம். அடுத்த துண்டிலும் அதே இடத்தில் ஏ. அதற்கடுத்ததிலும் ஏ. தள்ளிப்போனால் இன்னோர் இடம், மேலே ஒன்று கீழே வேறு, எல்லாத் துண்டிலும் வேறு, எல்லாத் துண்டும் ஒத்துப்போகின்றன, தங்களுக்குள் ஒத்து எங்கள் கிருமியோடு ஒவ்வாமல். பெனடிக்ட் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கிறான், முடித்துவிட்டு, நம்முது இல்ல வாணி, இது வேற ஆளு என்கிறான். இரண்டு கிருமிகள், ஒரே வயிற்றில், ஒரே பேரில். சாது முன்னால் நின்று கதவைத் திறக்கிறது, கொலைகாரன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். எவ்வளவோ பேருக்கு நான் இதே மேஜையிலிருந்து விஷமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்களுடையதைத் தோண்டியிருப்பேனா, அந்த நினைப்பு இப்போது வரக் கூடாது, வருகிறது, தள்ளிவிட்டு ஃபோனை எடுக்கிறேன்.

டாக்டர் வசுந்தரா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். ஒட்டிய ஜீனோமில் விஷம் இல்லை என்பதையும் சொன்னேன், துண்டுகள் கொஞ்சம்தான் என்பதையும் சொன்னேன், போன வாரத்துக் கிருமியையும் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. பிறகு, "உங்க தங்கச்சிங்கறதுனாலதான் இதத் தேடுனீங்களா?" என்றார்.

"ஆமாங்க டாக்டர். தங்கச்சிங்கறதுனாலதான் தேடுனேன். கெடச்சது அதனால இல்லீங்க."

ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லி வைத்ததை ரத்து பண்ணவில்லை, தள்ளி வைக்கிறேன், காலைவரைக்கும் பார்ப்போம், அதற்குள் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கினால் நான் யாரையும் கேட்க மாட்டேன், திறந்துவிடுவேன் என்றார். சரிங்க என்றேன். அப்புறம் நான் மாடிப்படி இறங்கியது ஞாபகம் இருக்கிறது, லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை, இறங்க இறங்க என் தலைக்குள் நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகப் பொய்யாகிக்கொண்டு வந்தது. கொஞ்சம் துண்டுகள். அதை வைத்தா. விஷக்கிருமி குடலில் இருப்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடுமா, அதுவும் சும்மா இருந்திருக்கலாமே, புண்தான் கொல்கிறதோ என்னமோ, நான் அதற்கான மருந்தைப் பிடுங்கிவிட்டேனே. கீழே லோகநாதன் கையில் ஒப்புதல் தாளோடு நின்றார். நர்ஸ் விளக்கிச் சொல்லியிருக்கிறாள், அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. என் முகத்தையே பார்த்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. நீங்க சொன்னாப் போட்டுர்றேன்" என்றார். போடுங்க என்று தலையை ஆட்டினேன். அவர் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார், பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி போட்டார். கண்ணாடி வழியாக நர்ஸ் ஒரு பாட்டிலைக் கழற்றுவதைப் பார்த்தேன். அதை எங்கே வைக்கிறாள் என்று கண்ணாலேயே பின்தொடர்ந்தேன், திரும்ப எடுத்து மாட்டச் சொல்லிவிடலாமா என்று அவள் அதைக் கூடையில் போடும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. டாக்டர் வசுந்தரா வயிற்றை அழுத்திப் பார்த்து இன்னும் ஒரு பொழுது என்றார், மறுபொழுதும் அதையே சொன்னார், அப்படியே பொழுது பொழுதாகத் தள்ளினோம். நான் மேல்மாடிக்கே போகவில்லை. பெனடிக்ட் தனித்தனிப் புள்ளியாக எடுத்து வளர்த்து, அதில் ஒன்றில் முழுப் பத்தியும் இருக்கிறது என்று வந்து சொன்னபோது நான் அவனுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, அவள் கண் விழித்தாளா என்றுதான் நர்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விழித்தாள். காய்ச்சல் விட்டது, வயிறு தணிந்தது, தோல் பழையபடி தோலாயிற்று. வார்டுக்கு மாற்றிய அன்று குரல் வந்தது, பாதிக் குரல். முதலில் பிள்ளையைக் கேட்டாள். தூரத்தில் நின்று காட்டுவதாகச் சொன்னோம். என்ன ஆயிற்று என்று கேட்டாள், எனக்குத் தெரிந்த அளவுக்குச் சின்னதாகச் சொன்னேன், அந்தக் கிருமி, அது கக்குகிற விஷம். கேட்டுவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். "அவனுக்கும் ஒட்டியிருக்குமாக்கா?"

இருக்கும் தேனு என்றேன். பிறந்த பிள்ளைகள் நிறைய பேர் வயிற்றில் அது இருக்கும், விஷத்தோடுகூட இருக்கும், ஆனால் அந்த விஷம் பிடித்துத் தொங்குவதற்கான கொக்கி அந்தக் குடலில் இன்னும் முளைத்திருக்காது என்றுதான் நினைக்கிறார்கள், அதனால் அவனை ஒன்றும் பண்ணாது என்றேன். பண்ணாதுன்னு தெரியுமா, நெனைக்கறீங்களா என்று கேட்டாள். அவள் அப்படித்தான், பாதிக் குரலிலும் விட மாட்டாள். இந்தக் கிருமிகளைப் பற்றி இவ்வளவு நாள் படித்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் மெலிந்துபோய் நின்றது. "நெனைக்கறோம்" என்றேன். "அப்பக் கொண்டாங்க" என்றாள்.

டாக்டரைக் கேட்டேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுங்கள், ஸ்பிரிட்டுக்கு அதன் விதை சாகாது என்றார், எனக்கே பாடம் சொல்கிறோம் என்பது உறைத்து லேசாகச் சிரித்தார். கழுவினேன். வராந்தாக் கோடியில் அம்மா பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள், பாத்துத் தூக்கு அம்மிணி, கழுத்து நிக்கலை என்றாள். கையில் வாங்கினேன். துணியை மீறி அவன் வயிற்றின் சூடு என் முழங்கையில் பட்டது, உள்ளே ஏதோ மெல்லக் கடகடவென்று ஓடியது, அவன் முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனான். கதவுவரைக்கும் பத்தடி இருக்கும். தெரிந்ததெல்லாம் தெரிந்திருந்தும் பயந்துகொண்டேதான் அவனை அவளிடம் எடுத்துப் போனேன்.